அரை விரல் தூரம்

நீதியும் காபியும் எக்காலத்திலும் நீர்த்துப்போகலாகாது என்பது அந்த வீட்டின் அசைக்க முடியாத கொள்கை. ஓய்வுபெற்ற நீதிபதி, வக்கீலான மகன், கணக்கு டீச்சரான மகள் என்று மூன்று பேர் அந்தக் கொள்கையின்படி தலை நிமிர்ந்து வாழ்ந்துவந்தார்கள். அன்று காலை அவர்களுடைய காபி மெஷினிலிருந்து வெறும் வெந்நீர் வந்தது.

சாதாரண மெஷின் அல்ல அது. தலையில் காபிக்கொட்டையைக் கொட்டி, முதுகில் தண்ணீரை ஊற்றி, ஒரு பட்டனை அமுக்கினால் அதுவே அரைத்து அதுவே வடிக்கும். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, கடையில் தூள் வாங்கிக் குடிக்கிறவர்களை நீதிபதி ஜாமீனில் வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அரைத்த சற்று நேரத்தில் தூள் செத்துவிடுகிறது என்றும், செத்த தூளைத் தன் நாக்கு கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடும் என்றும் நடைப்பயிற்சி நண்பர்களிடம் தீர்ப்பு வழங்கியிருந்தார். நாக்குக்குக் கண் ஏது என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சர்வீஸ் சென்டர் எண்ணுக்கு வக்கீல்தான் போன் செய்தான். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மணி அடித்தது. கதவைத் திறந்தால்... தோளில் கருவிப் பையும், தலையிலிருந்து சொட்டும் தண்ணீருமாக ஒரு பெண்.

"சர்வீஸ்லேர்ந்து ஆள் வரலையா?" என்று அவளைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தான் வக்கீல்.

"நான்தான் ஆள். பின்னாடி யாரும் இல்ல சார், தேடாதீங்க."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... யாருக்கும் எதற்கும் சலாம் போடாத கண்கள். வக்கீலுக்குப் பேச வந்தது மறந்துபோயிற்று. நீதிமன்றத்தில் இப்படி மறந்திருந்தால் கட்சிக்காரர் வேறு ஆளைப் பார்த்திருப்பார்.

அவளும் லேசுப்பட்டவள் அல்ல. படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவள். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லுகிறவள். சர்வீஸ் சென்டரில் அவளுக்கு 'ஒரே தடவை' என்று பட்டப்பெயர். அவள் கை வைத்த மெஷின் மறுபடி மக்கர் பண்ணியதில்லை, ஒரு வீட்டுக்கு அவள் இரண்டாவது முறை போனதில்லை. கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

சமையலறையில் மெஷினைத் திறந்தாள். மேலே அரைக்கும் பகுதி, அதன் கீழே வடிகட்டி, அடியில் காபி இறங்கும் கண்ணாடி ஜாடி. முதல் இரண்டுக்கும் நடுவே தூள் இறங்கும் சின்னப் பாதை. அது சுண்ணாம்பு வைத்துப் பூசியதுபோல அடைத்திருந்தது. இதைத் தினமும் துடைப்பது யார் என்று கேட்டாள். மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். தானே அரைக்கத் தெரிந்த மெஷினுக்குத் தன் வாயைத் தானே துடைக்கத் தெரியாவிட்டால் அது தயாரித்தவனின் குற்றம் என்று நீதிபதி உத்தரவிட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

"சாட்சி இல்லாம எங்க மேல பழி போடக்கூடாது" என்றான் வக்கீல்.

அவள் பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடைந்து, களிமண்போலக் கறுத்த தூள் உருண்டை ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இதோ, சாட்சி. விசாரிச்சுக்கோங்க."

பின்னால் நின்ற டீச்சர் அக்கா சிரித்துவிட்டாள். அவன் உருண்டையைக் கீழே போடவில்லை. அது ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை.

வடியும்போது எழும் ஆவி அந்தப் பாதையில் ஏறுகிறது, தூள் ஈரமாகி ஒட்டுகிறது, எண்ணெய் மினுங்கும் கொட்டையாக இருந்தால் இன்னும் மோசம்; ஒவ்வொரு தடவையும் கழற்றி, துடைத்து, காயவிட்டு மூட வேண்டும் என்று அவள் விளக்கினாள். பேசிக்கொண்டே அரைக்கும் வளையத்தை இடத்தில் வைத்துத் திருகினாள். வெளியே மழை... உள்ளே இந்த ஆள். மெஷினைப் பற்றித்தானே சொல்கிறோம், இவர் ஏன் மெஷினைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்? கன்னம் சூடாவது அவளுக்கே தெரிந்தது. அடுப்பு எதுவும் எரியவில்லை.

மெஷின் அரைத்தது, வடித்தது. வாசனை கூடம்வரை போனது. முதல் கோப்பையை வாங்கி உறிஞ்சினான் வக்கீல். அமிர்தமாக இருந்தது. ஆனால் எதிர்த் தரப்பைப் பாராட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

"பரவால்ல" என்றான்.

தங்கப் பதக்கத்தை யாரோ காலால் மிதித்ததுபோல இருந்தது அவளுக்கு.

"நான் ஒரு வீட்டுக்கு ரெண்டாவது தடவை போனதில்ல சார். இங்கயும் வரமாட்டேன்."

"நாங்களும் ஒரு கேஸ ரெண்டாவது தடவை நடத்துறதில்ல மேடம்."

மேல்முறையீடு என்று ஒன்று இருப்பது அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் குடையில்லாமல் மழையில் இறங்கி நடந்தாள். தன் குடையைக் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியபோது தெரு காலியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மெஷின் மறுபடி படுத்துக்கொண்டது. பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டியது. அரைக்கும் சத்தமே இல்லை. வக்கீல் துள்ளி எழுந்து போனை எடுத்தான். அந்தத் துள்ளலை அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏன்டா, நீயே எதையாவது கழட்டி வச்சிட்டியா?"

"நான் ஏன் கழட்டணும்?"

"மழையில நனைஞ்சுக்கிட்டு வருவாங்கள்ல... அதுக்குத்தான்."

அவன் போனைக் கீழே வைத்தான். அக்காவே இப்படி நினைத்தால் அவள் என்ன நினைப்பாள்? பொய்க் குறை சொல்லிப் பெண்ணை வரவழைக்கிறவன் என்று... அவனையா? பொய் வழக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவனையா? கூப்பிடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தான். மெஷின் சரியாக இருப்பதாக வீட்டில் அறிவித்தும் விட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது சட்டப்படி மோசடி. பிறர் எழுவதற்கு முன் அவன் சமையலறைக்குள் நுழைவான். முந்தின நாள் கடையில் ஒளித்து வாங்கிவந்த தூளை வடிகட்டியில் போடுவான். அரைக்காமலே வடிக்கும் பட்டனை அமுக்குவான். அரைக்கும் சத்தம் இல்லாவிட்டால் அப்பாவுக்குச் சந்தேகம் வருமே... அதற்காகப் பக்கத்திலிருந்த மிக்ஸியில் ஒரு பிடி கொட்டையைப் போட்டு ஓட்டுவான். அந்தப் பொடியைப் பால்கனித் தொட்டிச் செடிக்குக் கொட்டுவான். மிக்ஸியில் அரைத்ததையே வடிக்கலாமே என்ற யோசனை சட்டம் படித்த அந்த மூளைக்கு ஒரு நாளும் வரவில்லை. செடி செழித்தது. நீதிபதி கோப்பையை முகர்ந்து, கண்ணை மூடி, அப்போதே அரைத்த கொட்டைக்கு ஈடாகுமா என்று தினமும் பெருமூச்சு விட்டார்.

சர்வீஸ் சென்டரில் அவளும் தினமும் காலையில் புகார்ப் பலகையைப் பார்த்தாள். நீதிபதி வீட்டுப் பெயர் இல்லை. வரக்கூடாது, வந்தால் 'ஒரே தடவை' போய்விடும். வராமலே இருந்தால்... நல்லதுதானே. நல்லதாக இருந்தும் ஏன் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்துகொள்கிறது? மாலையில் அவன் தெரு வழியாகவே வீட்டுக்குப் போனாள். அந்த ரோடு நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

ஒரு இரவு சாப்பாட்டின்போது நீதிபதி அறிவித்தார்: தன்னோடு பதவியிலிருந்த நான்கு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மெஷினைக் கூடத்தின் நடுவே வைத்து, அவர்கள் கண்ணெதிரே கொட்டையை அரைத்துக் காட்ட வேண்டும். வக்கீல் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். கூடத்தின் நடுவே மிக்ஸியை எங்கே ஒளிப்பது?

ஞாயிறு காலை வரை மானத்தோடு மல்லுக்கட்டிவிட்டுப் போனை எடுத்தான். மறுமுனையில் பேசியவன் அவளுடைய சக ஊழியன். விலாசத்தைக் கேட்டதும் அங்கே கூச்சல் கிளம்பியது. 'ஒரே தடவை'க்கு இரண்டாவது தடவை வந்துவிட்டது என்று யாரோ மேசையைத் தட்டிச் சிரிப்பது போனில் கேட்டது. அந்தச் சிரிப்பு வக்கீலின் காதில் ஆணியாக இறங்கியது. பிறகு அவள் குரல்.

"எப்பலேர்ந்து ஓடல?"

"...கொஞ்ச நாளா."

"ஏன் சொல்லல?"

"விருந்தாளிங்க வர்ற நேரம்... இன்னிக்கே வர முடியுமா?"

"வரேன்" என்று வைத்துவிட்டாள். பெயர் போயிற்று. அழ வேண்டிய நேரத்தில் உதடு தானாகச் சிரிக்கப் பார்க்கிறதே என்று உதட்டின் மேல் கோபம் வந்தது.

அன்றும் மழை. அவள் வந்து சேர்ந்தபோது விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சமையலறையில் அவள் மூடியைத் திறந்து, கொட்டையை வழித்தெடுத்து, அரைக்கும் வளையத்தைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

வளையத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மெஷின் உடம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. கோடு புள்ளியில் போய் உட்கார்ந்து 'டிக்' என்று பூட்ட வேண்டும். பூட்டினால்தான் அடியிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச் அமுங்கும், அரைவை ஓடும். கோடு புள்ளிக்கு அரை விரல் முன்னால் நின்றது. அன்றைக்கு அவள் திருகி முடிக்கவில்லை. தொட்டும் தொடாமலும் சில நாள் ஓடி, அதிர்வில் நழுவியிருக்கிறது. தங்கப் பதக்கம் செய்த வேலை.

இப்போது ஒரு திருகு திருகிவிட்டு, நீங்கள் கையாண்ட விதம் சரியில்லை என்று சொன்னால் முடிந்தது. உலகில் எவருக்கும் தெரியாது. பெயரும் பிழைக்கும். அவள் விரல் வளையத்தின் மேல் இருந்தது...

நீதிபதி உள்ளே வந்தார். காரணம் என்ன, யார் குற்றம் என்று அதிகாரமாகக் கேட்டார்.

"என் தப்புதான்ப்பா" என்றான் வக்கீல். "நான்தான் கழட்டித் துடைக்கிறேன்னு கெடுத்துட்டேன். அவங்க வேலையில குறை இல்ல. அவங்க ஆபீஸ்லயும் நானே சொல்லிடுறேன்."

அக்காவின் புருவம் நெற்றிக்கு ஏறியது. தம்பி பிறந்ததிலிருந்து எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. கண்ணாடி ஜன்னலை உடைத்த பந்தைக்கூடப் பக்கத்து வீட்டுப் பந்து என்று வாதாடியவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னொருவர் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்க முடியுமா? அவளால் முடியாது.

"இல்ல சார், அவர் தொடவே இல்ல. அன்னிக்கு நான்தான் சரியாப் பூட்டல. என் தப்பு."

நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே குற்றத்தை இரண்டு பேர் போட்டி போட்டு ஒப்புக்கொள்வதைத் தன் பதவிக்காலத்தில் கண்டதில்லை என்றும், விசாரணையும் கண்காட்சியும் பிறகு, முதலில் காபி வரட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தட்டில் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"ஏன் பூட்டல?" என்றான் அவன், மெதுவாக.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"நான் மெஷினத்தான் பாத்தேன்."

"மெஷின் என் கண்ணுக்குள்ளயா இருந்துச்சு?"

வாதம் அத்தோடு முடிந்தது. அவன் மிக்ஸியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னான்: தூள், சத்தம், செடி, அப்பாவின் பெருமூச்சு. அவள் முதலில் நம்பவில்லை. பிறகு பால்கனிச் செடியை எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தக் கண்கள்... இந்த முறை அவன் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை.

"இவ்வளவும் எதுக்கு? ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பொய் சொல்லிக் கூப்பிடுறேன்னு நெனச்சிருப்பீங்க."

"நெனச்சிருப்பேன்" என்றாள். "நெனச்சுக்கிட்டே வந்திருப்பேன்."

அவள் வளையத்தைத் திருகினாள். 'டிக்.' கொட்டையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பட்டனை அமுக்கினாள். மெஷின் வீடு அதிர அரைத்தது. கூடத்தில் நீதிபதி ஏதோ சொல்ல, நான்கு குரல்கள் ஆமோதித்தன. அவன் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். வாழ்நாளில் முதல் முறையாகச் சொல்லப்போவதை அரைவைச் சத்தத்தோடு சொல்ல அவன் தன்மானம் இடம் தரவில்லை. சத்தம் அடங்கும்வரை இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அடங்கியது.

"அன்னிக்குக் காபி பரவால்லன்னு சொன்னேன்ல... பொய். ரொம்ப நல்லா இருந்துது. உங்களையும்... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் பிரஷ்ஷைப் பையில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"எனக்கும்தான்" என்றாள் தரையிடம். "ஆனா நான் ரெண்டு தடவைக்கு மேல எந்த வீட்டுக்கும் போனதில்ல. மூணாவது தடவை எப்படி வரணும்னு தெரியல."

"மெஷின் நல்லா இருக்கும்போது வாங்க."

அவள் நிமிர்ந்தாள். அவன் கையை நீட்டினான். கறுத்த தூள் ஒட்டிய விரல்களை அவள் அதில் வைத்தாள். ஜன்னலில் மழை சரிந்து சரிந்து இறங்கியது. இருவரும் உலகத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை.

மெஷினின் அடியில் வைக்க வேண்டிய கண்ணாடி ஜாடி, நண்பர்களுக்குக் காட்டுவதற்காகக் கூடத்தில் நீதிபதியின் கையில் இருந்தது. காபி முழுவதும் மேடையில் வழிந்துபோயிற்று. விருந்தாளிகள் நால்வருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள்.