பம்ப்செட்டில் காணாமற்போன தங்க வாட்ச்

காலை ஏழு மணி. பம்ப்செட்டில் குளித்து முடித்த பஞ்சநதம், தலையைத் துவட்டிக்கொண்டே ஜன்னல் விளிம்பில் கையை வைத்துத் துழாவினார். வெறும் செங்கல்தான் தட்டுப்பட்டது. தங்க வாட்சைக் காணோம்.

அவர் போட்ட கூச்சலில் அறுவடை ஆட்கள் அரிவாளோடு நிமிர்ந்தார்கள். பம்ப்செட்டை ஒட்டிய வயலில் தனியாக நின்றவன் வீரையன்.

ஏழரைக்கு அவன் ஸ்டேஷனில் இருந்தான். பின்னாலேயே ஓடிவந்த மனைவி நாகம்மாளும் இருந்தாள். ரைட்டர் இருவர் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதிக்கொண்டார். வீரையனின் மடியையும் முண்டாசையும் உதறிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஆனாலும் லாக்கப்பில் தள்ளினார்கள்.

“இது பொய்க் கேசுங்க!” என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள் நாகம்மாள். “இன்னிக்கு நாலு மணிக்கு மன்னார்குடியில எங்க குத்தகை விசாரணை. மூணாவது வாய்தா. இவரு போகலேன்னா மனுவைத் தள்ளிடுவாங்க. அதுக்குத்தான் ஐயா இந்த வேலை பண்றாரு!”

எழுபத்து மூன்றாம் வருஷம், தை மாதம். உழுகிறவன் பேரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பஞ்சநதத்தின் ஆறு மா நிலத்தில், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கரில், பதினாறு வருஷமாக வீரையன்தான் சாகுபடி. ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இன்றைக்குப் பேர் ஏறாவிட்டால் இனி அந்த வரப்பில்கூட அவன் கால்வைக்க முடியாது.

எஸ்.ஐ. கலியபெருமாள் புகார் கொடுக்க வந்திருந்த பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார்.

“அடையாளம் சொல்லுங்க.”

“குவைத்துலேருந்து ஜெய்னுலாபுதீன் கொண்டாந்தது. பந்தயக்காரங்க கட்டுற வாட்சு. முழுத் தங்கம். பெரிய வட்டத்துக்குள்ள மூணு குட்டி வட்டம். பக்கவாட்டுல ரெண்டு பட்டன். நடுவுல ஒரு நீள முள்ளு, எப்பவும் பன்னண்டுலயே நிக்கும்.”

“பட்டன் எதுக்கு?”

“தெரியாது. ரிப்பேராயிடும்னு ஒருநாளும் அமுக்கினதில்ல.”

அந்த வாட்சைப் பார்க்காத கண் ஊரில் இல்லை. பஞ்சநதம் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். கட்சி இரண்டாகப் பிளந்த கையோடு ஊரின் டீக்கடையும் இரண்டாகியிருந்தது. இரண்டு கடையிலும் அந்த வாட்சைப் பற்றி மட்டும் ஒரே பேச்சுதான்.

எட்டு நாற்பது. நாகம்மாளின் தம்பி செல்லத்துரை டீயும் பன்னும் வாங்கி வந்தான். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

“அழாதக்கா. இதைச் சாப்பிடு.”

“யாருடா எடுத்திருப்பா?”

“யாரா இருந்தா என்ன? அந்த நீள முள்ளு நிக்காம வழுக்கிக்கிட்டு ஓடுற அழகுக்கு எவனுக்குத்தான் கை அரிக்காது? மாமா எடுக்கலேன்னு நாளைக்கே தெரிஞ்சிடும்.”

“நாளைக்குத் தெரிஞ்சு என்னடா பிரயோசனம்?”

அவன் எழுந்து போனான்.

ஒன்பதரைக்குப் போலீஸார் தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். பத்தரைக்கு, வீரையன் வீட்டு நெல் குதிருக்குள்ளிருந்து கான்ஸ்டபிள் சிவசாமி வாட்சை எடுத்தார். கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்திருந்த நாகம்மாள், செய்தி கேட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

பதினொன்று பத்து. விளையாட்டு விழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதி வாங்க டிரில் மாஸ்டர் அல்லா பிச்சை ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். மேஜைமேல் கிடந்த வாட்சைக் கண்டதும் வந்த காரியத்தை மறந்தார்.

“சார், இதை யாரு ஸ்டார்ட் பண்ணுனது?”

“ஸ்டார்ட்டா?”

“இதுக்குள்ள ஸ்டாப்வாட்ச் இருக்கு. மேல் பட்டனை அமுக்கினாத்தான் நீள முள்ளு ஓடும். இப்ப ஓடுது பாருங்க.” குனிந்து உற்றுப் பார்த்தார். “இந்தக் குட்டி வட்டம் மணி. மூணைத் தாண்டியிருக்கு. இது நிமிஷம், இருபது. யாரோ அமுக்கி மூணு மணி இருபது நிமிஷம் ஆச்சு.”

ரைட்டர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “ஏழு ஐம்பது.”

“அமுக்கினது நம்ம சிவசாமியா இருந்தா?” என்றார் கலியபெருமாள்.

“அவர் எடுத்தது பத்தரைக்கு. நாப்பது நிமிஷம்தானே சார் காட்டும்?”

கலியபெருமாள் பதிவேட்டைப் புரட்டினார். ஏழரைக்கே புருஷனும் பெண்டாட்டியும் ஸ்டேஷனில்.

“சரி, இவங்க அமுக்கல. ஆனா இவன் எடுத்துக் கூட்டாளி கையில குடுத்திருந்தா? ஆள் தெரியாம எப்படி விடறது?”

அல்லா பிச்சை வாட்சைக் கையில் எடுத்தார். “ஐயா கையில இருந்தவரைக்கும் அந்த முள்ளு ஓடினதே இல்ல. ஓடத் தொடங்கினது ஏழு ஐம்பதுக்கு. நீங்க பார்த்தது பத்தரைக்கு. நடுவுல அது ஓடுறது திருடினவனுக்குத்தான் தெரியும். அதைப் பத்திக் காலையில யாராவது பேசினாங்களா?”

நாகம்மாளுக்குத் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. நிக்காம வழுக்கிக்கிட்டு ஓடுற அழகு.

அவள் சுவரோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடித்தது. கம்பிக்குள்ளே வீரையன் முழங்காலில் முகம் புதைத்திருந்தான். மன்னார்குடி பஸ் ஒன்றேகாலுக்கு. விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான். தம்பியைக் காட்டிக்கொடுத்தால் அவள் பாவி. காட்டிக்கொடுக்காவிட்டால் செய்யாத குற்றத்துக்குப் புருஷன் உள்ளே கிடப்பான், பதினாறு வருஷ உழைப்பும் மண்ணாகும்.

பன்னிரண்டு நாற்பதுக்கு எழுந்து எஸ்.ஐ. அறைக்குள் போனாள்.

“பஞ்சநதம் ஐயா மேல பழி சொன்னது தப்புங்க. என் தம்பி செல்லத்துரைதான்.” அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எழுதிய தாளில் கைநாட்டு வைத்தாள்.

வெளியே விட்டதும் வீரையன் கேட்டான்: “யாருடி எடுத்தது?”

“பஸ்ஸு போயிடும். மொதல்ல போங்க. வந்ததும் சொல்றேன்.”

இரண்டு மணிக்குச் செல்லத்துரையைக் கொண்டுவந்தார்கள். அவன் மறுக்கவில்லை.

“கட்டிப் பார்க்கத்தாங்க எடுத்தேன். வைக்கோல் போர் மறைவுல கையில மாட்டிக்கிட்டு பட்டனை அமுக்கினேன். முள்ளு ஓட ஆரம்பிச்சிடுச்சு. அதையே பார்த்துக்கிட்டு இருந்ததுல திருப்பி வைக்கவே மனசு வரல. அப்புறம் வீடு வீடா தேடி வர்றாங்கன்னதும் பயந்துபோயி மாமா வீட்டுக் குதிருக்குள்ள போட்டுட்டேன்.”

நாகம்மாள் கேட்டாள்: “ஆத்துல வீசியிருக்கலாமேடா?”

“அதைப் போயி எப்படிக்கா தண்ணியில வீசறது?”

“அதுக்கு என் வீடுதானா கிடைச்சுது?”

“உன் வீடுதான்க்கா தொறந்து கெடந்துச்சு.”

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

மாலை ஆறரை. பஸ்ஸிலிருந்து வீரையன் குதித்து இறங்கினான். “ஏறிடுச்சு நாகு! ஆறு மாவும் நம்ம பேர்ல ஏறிடுச்சு!”

அவள் சிரிக்க முயன்றாள். அவன் கவனிக்கவில்லை.

“மொதல்ல செல்லத்துரைகிட்ட சொல்லணும். போன கோடையில ஐயாவோட ஆளுங்க வாய்க்காலை மறிச்சப்ப என்கூட நின்னவன் அவன் ஒருத்தன்தான். எங்க அவன்?”

நாகம்மாள் அவன் கையைப் பிடித்து மதகுக்கட்டையில் உட்காரவைத்தாள். பிடித்த கையை விடாமல் சொல்லத் தொடங்கினாள்.