நான்காவது பெல்ட்

டிங்... டிங்... டிங்... என்று காரில் பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியதும் யார்மோ முதலில் தன் நெஞ்சைத்தான் தடவிப் பார்த்தான். பெல்ட் போட்டிருந்தான். பக்கத்தில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த மனைவி கிர்சியும் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கோட்டுக்குள் சுருண்டு கிடந்த ஒன்பது வயது மகள் ஹில்லாவும் போட்டிருந்தாள். ஆனால் மீட்டருக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கொன்று நான்காவது இருக்கையைக் காட்டி மினுக்கியது. அவனுக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை. அது தெற்கே எஸ்போ நகரத்தில் கிளம்பியதிலிருந்தே காலி.

சாப்பாட்டுப் பை சரிந்து அங்கே விழுந்திருக்கும் என்று நினைத்தான். கறுப்பு ரொட்டி, காபி பிளாஸ்க், உப்பு போட்ட அதிமதுர மிட்டாய் எல்லாம் சேர்ந்து ஒரு குழந்தை கனம் கனக்கும். அப்புறம்தான் பார்த்தான், பை கிர்சியின் காலடியில் இருந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பிய பயணம். தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, வடக்கே யுல்லாஸ் மலைக்கு ஒரே நாளில் போய்ச் சேரவேண்டும். பனிச்சறுக்கு விடுமுறை தொடங்கும் சனிக்கிழமையில் தெற்கத்திக்காரர்கள் பாதிப் பேர் காரின் கூரைமேல் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு இப்படித்தான் ஓடுகிறார்கள். போன வருஷம் அவனுக்குப் பதினான்கு மணி நேரம் ஆனது. கிர்சியின் அண்ணன் தார்மோ சும்மா விடுவானா? "வாங்கய்யா, பால் வண்டி வந்துடுச்சு! வீட்டுக்கு வீடு நின்னு ஊத்திட்டு வர்றாரு" என்று சௌனா நீராவிக் குளியலறையில் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினான். ஒரு வருஷம் முழுக்க யார்மோவின் காதில் அந்தப் பால் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை பன்னிரண்டரை மணி நேரம்தான், ஒரு நிமிடம் கூடக்கூடாது என்று சபதம். ஓவ்லுவில் ஹில்லா கழிப்பறை கேட்டபோதுகூட, "அடக்கிக்கோ கண்ணு" என்றான். ரோவனியெமி தாண்டியதும், குளிர்காலத்தில் யாரும் எடுக்காத காட்டுக் குறுக்கு வழிக்குள் காரை விட்டான்.

அந்த வழியில்தான், பத்து நிமிடத்துக்கு முன்னால், அது நடந்தது.

பொழுது சாய்ந்து உலகமே நீலமாகிக்கொண்டிருந்த நேரம். விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் ஏதோ பளிச்சிட்டது. கோட்டுப் பையிலிருந்து நூலில் தொங்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் வில்லை, இந்த நாட்டில் இருட்டில் நடக்கிற எல்லாரும் தொங்கவிடுகிறதுதான். அதற்குப் பின்னால் ஒரு பெண். பனிமேட்டுக்குள் மூக்கு புதைந்து நின்ற கார். அவள் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு மறு கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. யார்மோ பிரேக்கை மிதித்தான். கார் மெதுவானது. அவள் சிரித்ததைக்கூடப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

காலை எடுத்து மறுபடி ஆக்ஸிலரேட்டரில் வைத்துவிட்டான்.

"ஏன் ஸ்லோ பண்ணே?" என்று கிர்சி கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"கலைமான்."

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அதுதான் போனில் பேசுகிறாளே, உதவி வந்துவிடும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். பின்னால் வேறு கார் வரும் என்றும் சொல்லிக்கொண்டான். வராது என்று அவனுக்கே தெரியும். இந்தக் குளிரில் வழியில் நிற்கிறவரை விட்டுவிட்டுப் போகிற மனுஷனை இந்த ஊரில் யாரும் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். காது மடல் சூடேறியது. திரும்பிப் போகலாமா? போனால் கிர்சி எழுந்துவிடுவாள். ஏன் முதலிலேயே நிற்கவில்லை என்று கேட்பாள். அப்புறம்தான் மணி அடிக்க ஆரம்பித்தது.

குறுக்கு வழி முடிந்து பெரிய சாலையில் ஏறியதும் ஒரு பெட்ரோல் நிலையம் வந்தது. மணிச் சத்தத்தில் கிர்சி முழித்துக்கொண்டாள்.

"அந்தச் சனியனை நிறுத்தேன், தலை வெடிக்குது. சும்மாவாவது பெல்ட்டை மாட்டி விடு, வாயை மூடிடும்."

பெட்ரோல் போட்டுவிட்டு உள்ளே போனான். கல்லாவில் இருந்த பெரியவர் அவன் காரின் பனியைப் பார்த்துவிட்டு, "காட்டு வழியாவா வந்தீங்க தம்பி? வழியில யாரும் மாட்டிக்கிட்டு நிக்கலையே?" என்றார். அங்கே வருகிறவர்களிடமெல்லாம் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும்.

"இல்லைங்க, யாரும் இல்ல."

வெளியே வந்து பின் கதவைத் திறந்தான். காருக்குள் ஹீட்டர் அனலாக இருந்தது, ஆனால் அந்த இருக்கையில் கை பட்டதும் பனிக்காலத்து இரும்புக் கம்பியைத் தொட்டதுபோல ஒட்டி இழுத்தது. பெல்ட்டைக் காலி இருக்கைக்குக் குறுக்கே இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. காலி இருக்கைக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். க்ளிக். மணி நின்றது.

அதற்குப் பிறகுதான் காருக்குள் சத்தம் கேட்கத் தொடங்கியது. கூரைமேல் கட்டைகளின் கிணுகிணுப்பு, டயருக்கு அடியில் பனி நெரிபடுவது, கிர்சியின் குறட்டை, ஹில்லாவின் மூக்கடைப்பு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் பல் கிட்டித்து இழுக்கிற ஒரு மூச்சு. ஈரக் கம்பளி வாசம். பிடரியில் சில்லென்று. திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்க்கப்போனவன் பின் ஜன்னலைப் பார்த்துவிட்டான். உள்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. ஆள் உட்கார்ந்து மூச்சுவிட்டால் படர்கிற மாதிரி. வாய் இருக்கும் உயரத்தில். வட்டமாக.

அவன் ரேடியோவைப் போட்டான். அணைத்தான். அழுத்தி மிதித்தான்.

ஆறு இருபதுக்கு விடுதி வாசலில் கார் நின்றது. தார்மோ இடுப்பில் துண்டோடு ஆவி பறக்க வெளியே ஓடி வந்தான்.

"பன்னிரண்டு மணி நேரம் இருபது நிமிஷம்! அட, நம்ம பால் வண்டி ராக்கெட் ஆயிடுச்சுடா!" என்று முதுகில் ஓங்கி அறைந்தான். "வா மச்சான், சௌனா கொதிக்குது. பீர் வெளிய பனியில நட்டு வச்சிருக்கேன்."

வருஷம் முழுக்க யார்மோ காத்திருந்த வார்த்தை இதுதான். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. உள்ளே சூப்பு, சிரிப்பு, ஈரக் காலுறைகளின் நாற்றம். அரை மணி நேரம் கதையளந்தான். நடுவில் ஹில்லா கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, கலைமான் கையாட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். "ஆட்டுமே, பால் வண்டியைப் பாத்தா சல்யூட்டே அடிக்கும்!" என்றான் தார்மோ. ஹில்லா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் கூனிக் குறுகிப்போனான். பெற்ற மகள் பார்த்திருக்கிறாள். தூங்காமல் கிடந்து பார்த்திருக்கிறாள்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஆறு ஐம்பது. அவசர எண்ணை அழுத்தினான்.

"குறுக்கு ரோட்டுல ஒரு கார் பனிக்குள்ள இறங்கி நிக்குதுங்க. ஒரு அம்மா இருந்தாங்க. நான்... பாத்தேன்."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் ஓசை. பிறகு ஒரு பெண்ணின் நிதானமான குரல்.

"அந்த அம்மா அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே எங்களுக்குப் போன் பண்ணாங்க சார். பேசிக்கிட்டு இருக்கும்போதே, 'ஒரு கார் வருது, ஸ்லோ பண்றாங்க, நிறுத்திட்டாங்க, வண்டி அனுப்ப வேணாம், நான் இதுலயே ஏறிக்கிறேன்'னாங்க. அதோட போன் செத்துடுச்சு. குளிர்ல பேட்டரி போயிடும்ல? சாம்பல் கலர் கார், மேல ஸ்கீ கட்டியிருக்குன்னு சொன்னாங்க. நாங்களும் வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டுட்டோம்."

யார்மோ தன் சாம்பல் நிறக் காரைப் பார்த்தான்.

"சார், அது உங்க கார்தானே? அவங்க உங்ககூடத்தான இருக்காங்க?"

"நான் நிறுத்தல," என்றான். "நான் நிறுத்தவே இல்லைங்க."

அவள் யாருக்கோ அவசரமாக உத்தரவு கொடுப்பது கேட்டது. வண்டி போய்ச் சேர ஐம்பது நிமிடமாகும் என்றாள்.

திரும்பிப் போகவேண்டும். இப்போதாவது. அவன் காரை நோக்கி ஓடிச் சாவியை அழுத்தினான். உள்விளக்கு எரிந்தது.

மூன்று இருக்கைகளில் பெல்ட்டுகள் அவிழ்ந்து தொங்கின. நான்காவது மட்டும் அவன் மாட்டிவிட்டபடியே இருந்தது. இருக்கையோடு ஒட்டவில்லை. நடுவில் உப்பி, காலி வெளியைச் சுற்றி வளைந்து நின்றது.

மூச்சு இழுப்பதுபோல அது மெல்ல விரிந்தது. சுருங்கியது.

விரிந்தது.

கையிலிருந்த போனில், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அவள்.

சுருங்கியது. நீண்ட இடைவெளி. யார்மோ கதவைத் திறக்கவில்லை. கை கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை விரியட்டும். ஒரே ஒரு தடவை.

விரிந்தது. கொஞ்சமாக.

பெல்ட் சரசரவென்று உள்ளே இழுபட்டு, இருக்கையோடு தட்டையாக ஒட்டி நின்றது. அப்புறம் அது அசையவே இல்லை.