அவன் துணிகள் இருந்த பை

முந்தின நாள் காற்றை உறிஞ்சித் தட்டையாக்கி வைத்த பை, காலையில் உப்பியிருந்தது.

அவள் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தாள். முன்னறைச் சுவரோரம் பைகள் கிடந்தன. எல்லாம் தடித்த கண்ணாடிப் பிளாஸ்டிக். துணியை அடுக்கி, வாயை அழுத்தி மூடி, நடுவிலிருக்கும் திருகுமூடியைத் திறந்து வேக்குவம் கிளீனரின் குழாயை வைத்தால் போதும்; உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் மூட்டை பலகை மாதிரி இறுகிவிடும். அவளுடைய துணிகள் இருந்த பை இறுகியபடியே இருந்தது. போர்வைகள் இருந்ததும் அப்படியே. அவன் துணிகள் இருந்த பை மட்டும் மூக்குமுட்டத் தின்றவன் வயிறு போல எழும்பி நின்றது. பிளாஸ்டிக்கின் உட்புறம் முழுக்க நீர் பூத்திருந்தது.

மூடியைச் சரியாகத் திருகவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வாய் கொப்பளிக்கப் போனாள். வீடு காலி செய்கிற அவசரத்தில் இதெல்லாம் நடப்பதுதான்.

சாயங்காலம் லாரி வந்துவிடும். அவனுடைய நுரையீரலுக்காகத்தான் இந்த நகரத்தை விட்டுப் போகிறார்கள். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. கல்யாணத்தன்று கூட அவன் காதுமடலில் நீலப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டாவது வருடம் இருமல் பிடித்தது. முதுகு வில்லாக வளைந்து, கண் பிதுங்கி, குடலே வெளியே வந்துவிடும் போல இருமுவான். டாக்டர் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் புகையிலேயே கிடந்தால் இந்த மூச்சு ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லிவிட்டார். அவளுடைய அக்கா கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். அக்கா புருஷன் தனக்குத் தெரிந்த இரும்புக்கடையில் அவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்று பேசி வைத்திருந்தார். அவனை மூச்சோடு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அதிசயம் என்னவென்றால், மூட்டை கட்ட ஆரம்பித்த பிறகு அவன் இருமவே இல்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது, அப்படியென்றால் இங்கே வந்ததும் மூட்டை தூக்கும் வேலையே கொடுக்கலாமே என்று பின்னாலிருந்து அக்கா புருஷன் கேலி செய்தது கேட்டது. அவளும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அவள் உப்பிய பையின் முன்னால் மண்டியிட்டுக் குழாயைப் பொருத்தி சுவிட்சைப் போட்டாள். இயந்திரம் அலறியது. பை சுருங்கத் தொடங்கியது. சமையலறையில் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தவன், சீட்டியைப் பாதியில் நிறுத்தினான். ஏதோ பாத்திரம் உருண்டது. அவள் சுவிட்சை அணைத்து, மூடியைத் திருகிவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது அவன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் நிறமாயிருந்தது.

ஒன்றுமில்லை, தலை சுற்றியது, வெறும் வயிறு என்றான். முந்தின நாள் அவள் பைகளைக் கட்டும்போதும் அவன் இப்படித்தான் தலை சுற்றுகிறதென்று போய்ப் படுத்துக்கொண்டான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தெளிந்தது. அவள் முன்னறைக்குத் திரும்பினாள்.

பை மறுபடி பாதி எழும்பியிருந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. குழாயின் வாயிலிருந்து. அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்து குவியும் படுக்கை விரிப்புகளைக் கறைவாரியாகப் பிரிக்கும் மேசையில் நிற்பாள். ரத்தம், பால், வாந்தி, சீழ் எதுவானாலும் துணியைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். அதனாலேயே அவன் அவளை ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவான். அந்த மூக்குக்கு இந்த வாடை பிடிபடவில்லை. பூஞ்சை இல்லை, வியர்வை இல்லை. காய்ச்சல்காரன் வாயில் ராத்திரி முழுக்க அதக்கி வைத்திருந்த துணியை வெளியே எடுத்தால் வருமே, வெதுவெதுப்பாக, இனிப்பாக, அப்படி ஒரு வாடை. குழாயின் உட்புறத்தை விரலால் தொட்டாள். வழவழவென்று ஏதோ விரலோடு இழுபட்டு, நூலாகத் தொங்கி, அறாமல் ஆடியது.

விரலைச் சுவரில் தேய்த்தாள். போதவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள், மறுபடி தேய்த்தாள்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஊரார் அழுக்கையெல்லாம் நாள் முழுக்கத் தொடுகிறவள், வீட்டில் ஒரு அழுக்குத்துணியைக் கூடத் தொட மாட்டாள். அவரவர் துணியை அவரவர் துவைத்துக்கொள்ள வேண்டும். அவனும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டான். அவன் துணிகளை அவள் பார்த்ததெல்லாம் அவன் உடம்பின் மேல்தான். இந்தப் பையில் துணி அடுக்கியதும் அவனே.

ஜன்னல் வெளிச்சத்தில் பையைப் பார்த்தாள். நீர் பூத்த பிளாஸ்டிக்குக்கு அடியில் அவன் சட்டைகள் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவில் இரண்டு கை அகலத்துக்கு ஏதோ ஒரு கட்டி. முதலில் சாக்ஸ் உருண்டை என்றுதான் நினைத்தாள். சாக்ஸும் அதில் இருந்தது. பனியன் கிழிசல்களும் கைக்குட்டைகளும் இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, மேலே சாம்பலும் இளஞ்சிவப்புமாய் ஒரு தோல் படிந்து, அந்தத் தோலில் சின்னச் சின்ன மடிப்புகள் ஓடின. மடிப்புகளின் இடுக்கில் பெயின்ட் துணுக்குகள். நீலம். வெள்ளி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடிப்புகள் விரிந்தன. பை எழும்பியது. மடிப்புகள் சுருங்கின. பை தணிந்தது. உள்ளே புதிதாய் நீர் பூத்தது.

தன்னை அறியாமலேயே அவள் அதன் தாளத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பின்னால் வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்த சத்தமே கேட்கவில்லை.

“திறந்துடாத,” என்றான்.

“என்ன இது?”

அவன் கூச்சத்தோடு சிரித்தான். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் சிரிப்பு. “இருமி இருமித் துப்பினது. உன் மூக்குக்குப் பயந்து குப்பைக்கூடையில போடல. கட்டிலுக்கடியில பழைய பெட்டியில வாடை வராம இறுக்கி மூடி சேத்து வெச்சேன். அங்க போய்க் கடல்ல போட்டுடலாம்னு இதுல அடுக்கிட்டேன்.”

“இவ்வளவு நாளாவா? நான் படுக்கிற கட்டிலுக்கு அடியிலயா?”

“திட்டுவன்னு நினைச்சேன்.”

எத்தனை இரவுகள் அதன் மேல் புரண்டு படுத்திருக்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கையை நீட்டித் திருகுமூடியைப் பிடித்தாள். இதை இப்போதே இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கொஞ்சம்தான் திருகினாள். உஸ்ஸென்று வெப்பக்காற்று அவள் முகத்தில் அடித்தது. அவன் அப்படியே மடிந்து விழுந்தான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். கால்கள் தரையை உதைத்தன. வாய் திறந்திருந்தது. ஆனால் அந்த வாய் காற்றை இழுக்கவில்லை. இழுக்க மறந்துபோன வாய்.

அவள் மூடியை இறுக்கினாள். பை எழும்பியது. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பேருந்து ஒன்று முனகிக்கொண்டு போனது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவன் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தான். சூடாக இருந்தது. இதயம் துடித்தது. ஆனால் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. அவள் காத்திருந்தாள். பலகையைத் தொட்ட மாதிரி இருந்தது.

“பையில அடுக்கினதுலேர்ந்து நான் மூச்சு விட வேண்டியதே இல்ல, மூக்கு. எனக்கும் சேத்து அது விடுது,” என்றான். “எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா. வலியே இல்ல.”

அவள் கையை உருவிக்கொண்டாள். உடனே அப்படிச் செய்ததற்காக அழுகை வந்தது.

லாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சுமை தூக்கும் இரண்டு பேர் கட்டிலைப் பிரித்துக் கீழே கொண்டுபோனார்கள். அலமாரி போனது. அவளுடைய பையும் போர்வைப் பையும் ஒருவர் தோளிலேயே போயின. அவர்களில் பெரியவர் அவன் பையின் மேல் கை வைத்தபோது, வேண்டாம் அண்ணே, அதை நாங்களே மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று அவள் அவசரமாகத் தடுத்தாள். சாப்பாட்டுச் சாமானா, உள்ளே ஏதோ வேர்த்துக் கிடக்கிறதே என்று கேட்டுவிட்டு அவர் மூக்கைச் சுளித்தார். பிறகு மேசையின் ஒரு பக்கத்தைப் பிடிக்க அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார்.

வீடு காலியானது. அவன் வாசலுக்கு வெளியே படிக்கட்டின் மேல்படியில் நின்று சிரித்தான். “தூக்கிட்டு வா,” என்றான்.

தூக்க வேண்டும். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாள். பிளாஸ்டிக் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே இருந்தது அவள் விரல் பட்ட இடத்துக்கு நகர்ந்து வந்து, கன்றுக்குட்டி மாதிரி முட்டியது. அவளால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓர் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, உடம்பில் படாமல் எட்டத் தள்ளித் தூக்கினாள். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

வாசலில் பை ஆடியது. கதவின் தாழ்ப்பாளில் மாட்டியது. அவள் இழுத்தாள்.

கிழிந்தது.

நீளமான கிழிசல். உஸ்ஸென்ற சத்தம். அந்த வாடை. படியில் அவன் விழுந்த சத்தம்.

அவள் பையைத் தரையில் போட்டுக் கிழிசலின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். விரல்களுக்கு நடுவில் கொழகொழவென்று பிதுங்கியது. நாடா எங்கே. ஒட்டுகிற நாடா லாரியில். எல்லாம் லாரியில். அண்ணே என்று கத்தினாள். கீழே மேசை எங்கோ இடித்த சத்தம்தான் பதில். பை தணிந்துகொண்டே போனது. படியில் அவன் குதிகால் தட்டுகிற சத்தம் மெதுவானது. உதடு நீலம். நகம் நீலம். கண் அவளையே பார்த்தது.

மூச்சோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அவள் பையின் மேல் படுத்தாள். வயிற்றால் கிழிசலை அடைத்தாள். ரவிக்கை நனைந்தது. தோல் நனைந்தது. திருகுமூடியைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் துவாரத்தின் மேல் வாயை வைத்தாள்.

ஊதினாள்.

உப்பு. பெயின்ட். அவன் சளி. தொண்டை எதிர்த்தது. விழுங்கினாள். மறுபடி ஊதினாள். பை எழும்பியது. படியில் அவன் கால் அசைந்தது. மறுபடி. அவன் விரல் மடங்கி விரிந்தது. மறுபடி. துவாரத்தின் அடியிலிருந்து மெத்தென்ற, ஈரமான ஒன்று மேலே வந்து அவள் உதட்டைத் தொட்டது. பற்களைத் தடவியது. அவள் வாயை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் போய்விடுவான்.

அவன் தவழ்ந்து வந்து அவள் பக்கத்தில் படுத்தான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

“பழகிடும், மூக்கு,” என்றான்.

அவள் களைத்துப்போய் ஊதுவதை நிறுத்தினாள். பை நிற்கவில்லை. வெதுவெதுப்பாக, இனிப்பாக, அது அவளுக்குள் ஊதத் தொடங்கியது. அவள் நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. அவள் ஏற்றவில்லை.