காலி செய்த இடத்துக்குத் தாவல்

மத்தியான வெயில் வார்டுக்குள் சாய்வாக விழுந்திருந்தது. மருந்து வாடை. என் தங்கச்சி மூச்சு மெஷினோடு படுத்திருந்தாள். நோஞ்சான் உடம்பு என்பதால் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்றே பெயர். அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. அவளுக்கு அது விடும் குட்டிக் குட்டி மூச்சு எனக்கு மனப்பாடம்.

அலாரம் கத்தி, தானாக அடங்கியது.

சத்தம் மாறியது.

நிதானமான, கனத்த மூச்சு. சுண்டெலியின் நெஞ்சு விம்மிப் புடைத்தது. திரையில் நோயாளியின் எடை தொண்ணூறு கிலோ!

ஓடி வந்த நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று மெஷினைக் கழற்றி, கையால் பையை அழுத்திக் காற்று கொடுத்தாள்.

"அக்கா, இது முன்னாடி இதே மெஷின்ல இருந்த லாரி டிரைவரோட கணக்கு. ஆக்சிடென்ட் கேஸு. இறந்துட்டார்."

"அழிக்காம என்னத்த கிழிச்சீங்க?"

"ஆஃப் பண்ணி, புதுசாத்தான் போட்டோம்கா." குரல் தாழ்ந்தது. "பாவம், கடைசி வரைக்கும் லாரிய ஓரங்கட்டிட்டாங்களான்னு சைகையிலயே கேட்டுட்டு இருந்தார்."

மாற்று மெஷின் வந்தது. பழையதன் பிளக்கைப் பிடுங்கி மூலையில் தள்ளினார்கள். நான் லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்தேன். சி மொழி. கோளாறு வந்தால், முன்பே குறித்துவைத்த இடத்துக்கு ஒரே தாவலில் திரும்ப வேண்டும். எந்தப் புண்ணியவானோ அந்த இடத்தை, வேலை முடிந்ததும் கலைந்துவிடும் ஒரு ஃபங்ஷனுக்குள், புரோகிராமின் ஒரு சின்னத் துண்டுக்குள், குறித்திருந்தான். காலி செய்த வீட்டுக்குள் திடுதிப்பென்று நுழைவது மாதிரி அது. உள்ளே யார் இருப்பார்கள் என்று சொல்லவே முடியாது.

ஆனால் பவரை அணைத்தால் மெமரியில் எதுவும் மிஞ்சாது. மிஞ்சவே கூடாது.

இவள் பிழைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலையில் அவள் தானாக மூச்சு விட்டாள். குழாயை எடுத்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய் சுண்டெலி, அக்காடீ."

கண்ணைத் திறந்தாள். வழிப்போக்கரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், கரகரத்த குரலில், மரியாதையாக. "என் லாரிய ஓரங்கட்டிட்டாங்களா?"

நர்ஸின் கையிலிருந்த தட்டு விழுந்தது.



மூலையில், பிளக் பிடுங்கிய மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது. குட்டிக் குட்டி மூச்சு.