குருசடி வளைவு

ஊதி அணைத்த குருசடி விளக்கின் திரியை இசபெல்லா விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. ஈரமாக இருந்தது.

"அணைச்சிட்டியாளா?" சாலைக்கு எதிர்ப்புறம், ஜீப்பில் சாய்ந்தபடி எஞ்சினியர் சுந்தர்சிங் கேட்டார்.

"அணைச்சிட்டேன் சார். அம்மைக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னே போட்ருவா."

"ஒங்கண்ணன் முழுசா வீடு வந்து சேந்தா, ஒனக்கு மீனு பொரிச்சு வைப்பா. பேசாம நில்லு."

துறைமுகத்துக்குப் புதுச் சாலை போட்டதிலிருந்து, உப்பளங்களுக்கு நடுவே இந்த வளைவில் லாரிகள் கவிழ்ந்துகொண்டே இருந்தன. காரணம் தேடி வந்த சுந்தர்சிங் பல நாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: தோணியை விட்டு லாரிக்கு வந்த பையன்கள்தான் விழுகிறார்கள். இருட்டில், சாலையோரச் சிலுவைக் கோயிலான இந்தக் குருசடியின் விளக்கைக் கண்டதும், கரை திரும்பும் பழக்கத்தில், கை தானாக வண்டியை விளக்குக்கு நேரே விட்டுவிடுகிறது. அண்ணன் அம்புரோசும் அப்படி வந்தவன்தான். இன்றைக்கு அவனுக்கு உப்பு லோடு. அதனால்தான் ஒரு பொழுது மட்டும் அணைத்துப் பார்க்க அவள் ஒப்புக்கொண்டாள்.

கடல் திருப்பித் தராதவர்களுக்காக ஏற்றும் விளக்கு அது. சங்கு குளிக்கப் போன அப்பாவுக்கும் சேர்த்து. ஒருநாளும் அணைந்ததில்லை.

முதல் லாரி வந்தது. வளைவில் அழகாகத் திரும்பியது.

"பாத்தியாளா? புதுப்பொண்ணு மாதிரி ஒதுங்கிப் போறான்!"

லாரியின் சிவப்பு வெளிச்சம் தேய்ந்து மறைந்ததும் காற்று நின்றுபோய், கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பியின் நாற்றம் உப்புப் பாத்திகளின் மேலாகத் தவழ்ந்து வந்து அவள் தொண்டையில் ஒட்ட, அதன் பின்னாலேயே, நிறையப் பேர் நீரை அலம்பிக்கொண்டு நடந்து வரும் சத்தம், வரப்பேறி, இறங்கி, மறுபடி வரப்பேறி, அவசரமே இல்லாமல் நெருங்கியது.

"யாருல அங்கன?" சுந்தர்சிங் டார்ச் அடித்தார்.

முகங்கள். மீன் தின்ற முகங்கள். கண்ணிருந்த இடத்தில் குழிகள். இடுப்பில் இன்னும் கயிறு. விளக்கைத் தேடி வந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக டார்ச்சின் பக்கம் திரும்பினார்கள்.

ஈரக் கைகள் வெளிச்சத்தைப் பிடித்தன. பிறகு, அதைப் பிடித்திருந்த கையை. தோளிலிருந்து அது பிய்ந்து வந்தது. அவர் அலறல் பாதியில் நின்றது. கண்ணாடி நொறுங்கியது. எலும்பும்.

இருட்டு.

தூரத்தில் இரண்டு வெளிச்சம். அம்புரோஸ்.

அவள் குருசடிக்குள் பாய்ந்தாள். தீக்குச்சி. ஈரத்திரி சீறியது. இன்னொரு குச்சி. "மாதாவே, பத்தட்டும்!" பற்றவில்லை.

சாலையில் ஓடினாள். "அண்ணே! லைட்ட அணை! நிக்காத!"

தங்கையைக் கண்டதும் அம்புரோஸ் பிரேக்கை மிதித்தான்.

"ஏளா, இங்கன என்னளா செய்யுத?"

லாரியின் இரண்டு பக்கமும் அவர்கள் ஏறினார்கள். முகப்பு விளக்குகளை உள்ளங்கைகள் மூடின. விரல்களின் ஊடே வெளிச்சம் சிவப்பாகக் கசிந்தது. கதவு பிய்ந்து விழுந்தது. ஒருவர் அம்புரோசின் தலையை இரு கைகளாலும் ஏந்தி, மெதுவாக, முழுச் சுற்றாகத் திருகினார். அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய உத்தரியம், மாதா படம் வைத்த துணித்துண்டு, அம்மா அப்பாவுக்குத் தைத்தது.

அண்ணனின் கண்களுக்குள் குனிந்து தேடினார். அங்கே வெளிச்சம் இல்லை.

நிமிர்ந்தார். இசபெல்லாவின் கண்ணில் பட்டு மின்னும் வெளிச்சத்தை நோக்கி நடந்தார்.

அவள் கண்களை இறுக மூடினாள்.

ஈர விரல்கள் இமையைத் திறந்தன.