வேடியப்பன் நலம்

தேவிப்ரியா வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, மத்தியானத்திலேயே மூடுபனி கவிந்து இருட்டியிருந்தது. பாம்புக்கடி மருந்து ஆய்வுக்காக வாடகைக்கு எடுத்த பழைய ஓட்டு வீடுதான் அலுவலகம். நோயாளிகளின் விவரங்களைச் சுருக்கி அட்டவணை போட்டு நாளைக்குள் அனுப்பாவிட்டால் அவள் வேலை போய்விடும். லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதிய புரோகிராமை ஓடவிட்டாள்.

அட்டவணை அழகாக வந்தது. மூன்றாம் மாதம்: அனைவரும் நலம்.

எங்கிருந்தோ உருளைக்கிழங்கு வேகிற வாடை வந்தது. அந்த வீட்டில் அடுப்பே கிடையாது.

"பாம்பு வாடை மேடம். காலைத் தூக்கி வச்சிக்குங்க" என்ற நர்ஸ் பூமாலை, திரையைப் பார்த்ததும் முகம் மாறினாள். "எல்லாரும் நலமா? வேடியப்பன் செத்துட்டாருங்களே! மொத மாசம் வந்தாரு, நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் ஆளைக் காணோம். வூட்டுக்குப் போய்ப் பாத்தா, காரியம் நடந்துகினு இருக்கு."

ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. வராமல் போனவர் கடைசியாக வந்தபோது எப்படி இருந்தாரோ, அதையே அடுத்தடுத்த மாதங்களுக்கும் இழுத்துக்கொள்ள வேண்டும். புரோகிராமில் அதற்கு ஒரே ஒரு வரிதான்.

சென்னையிலிருந்த மேலதிகாரி தனசேகரனுக்குப் போன் போட்டாள்.

"செத்ததுக்கு பேப்பர் வந்துச்சா? வரலல்ல? டேட்டாவ லாக் பண்ணியாச்சும்மா. இனிமே யாரும் கை வைக்க முடியாது. நலம்னே போகட்டும்."

பாவி மனுஷன், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

பூமாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மழை பிடித்தது. கரண்ட் போனது.

வாசலில் யாரோ ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம்.

வாடை நெருங்கியது.

"ம்மா..." கதவுக்கு அந்தப் பக்கம் ஆண் குரல். "வேடியப்பன் வந்திருக்கேன். நான் நல்லா இருக்கேன்னு எழுதிட்டீங்களாமே?"

தேவிப்ரியா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டி எனக்குப் படையல் போட்டுட்டா. செத்தவனுக்குத்தானே அது? எனக்கு எறங்க மாட்டேங்குது. காலு எரியுது. அனுப்பி வுடுங்கம்மா."

அழுதுகொண்டே புரோகிராமிலிருந்து அந்த விதியின் வரியை அழித்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

ஆய்வு மூன்று மாதத்தோடு முடிந்துவிட்டது. அட்டவணை முடியவில்லை.

ஆறாம் மாதம்: நலம், ஒருவர்.

ஒரு வருடம்: நலம், ஒருவர்.

நூறு வருடம்: நலம், ஒருவர்.

திரையை நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. அவளால் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.

"இன்னும் எத்தினி வருசம் இருக்கும்மா?"

இப்போது குரல் கதவுக்கு வெளியிலிருந்து வரவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.