தொட்டிலுக்கு ஒரு சுவிட்ச்

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் மஞ்சள் நிறத்தில் இருந்தது.

சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பேட்டரியிலிருந்து கிளம்பியது. ஒயரில் வரிசையாக நடந்தது. பல்புக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் பேட்டரிக்கே வந்து சேர்ந்தது. மயிலாத்தாள் கன்னத்தில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் மயிலு, தூங்கிட்டியா? அடுத்து நான்தான்!" என்று காசிமாயன் அவள் சடையை இழுத்தான்.

பள்ளிக்கூடத்துக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் கொடுத்தது. அதில் குமாரவேல் சார் ஒரு புரோகிராம் போட்டிருந்தார். பேட்டரி, பல்பு, சுவிட்ச் படங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைக்கலாம். சரியாக இணைத்தால் பல்பு எரியும். தப்பாக இணைத்தால் பேட்டரி புகையும்.

"புகை கண்ணாடிக்கு உள்ளதான் வரும். பயப்படாமத் தப்புப் பண்ணுங்க" என்பார் சார்.

மயிலாத்தாள் விளையாடவில்லை. பக்கத்து வீட்டு சைதுன்னிசா அக்காவை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குக் காது கேட்காது. வீட்டிலேயே பனியன் தைக்க, கம்பெனி ஒரு தையல் மிஷின் கொடுத்திருந்தது. பஞ்சுத் தூசி பட்டால் குழந்தை நஸ்ருதீன் இருமுவான். அதனால் மிஷின் முன்னறையில், தொட்டில் உள்ளறையில். குழந்தை எழுந்துவிட்டானா என்று பார்க்க அக்கா நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுவாள். துணிக்கட்டு அப்படியே கிடக்கும்.

நேற்று அவள் ஓடவில்லை, தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்த மயிலாத்தாள்தான் அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே ஓடிக் குழந்தையைத் தூக்கினாள். அழுது அழுது அவன் முகம் சிவந்திருந்தது. அதைப் பார்த்த அக்கா மிஷினைக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தாள். வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வரும்போது திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளாம்.

அந்த மிஷின் வந்த நாளில் அக்கா அதற்குப் பூ வைத்துச் சிரித்தது மயிலாத்தாளுக்கு ஞாபகம் வந்தது.

"தொட்டில்ல ஒரு நூலு. நூல் முனையில சுவிட்ச்சு. மிஷின் பக்கத்துல பல்பு" என்று சொல்லிக்கொண்டே அவள் திரையில் படங்களை அடுக்கினாள். நூல் விறைப்பாக இருந்தால் சுவிட்ச் சேர்ந்திருக்கும். பல்பு எரிந்தது. குழந்தை அசைந்தால் நூல் தளரும். சுவிட்சைத் திறந்தாள். பல்பு அணைந்தது.

யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட காசிமாயன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் குடும்பம் மதுரைப் பக்கமிருந்து திருப்பூருக்கு வேலை தேடி வந்தது. "பாப்பா தூங்குனா வெளக்கு எரியுது, முழிச்சா அணையுது! அந்தக்கா வெளக்கையே முறைச்சுக்கிட்டு எப்படித் தைக்கும்? வெரலைல்ல தச்சுக்கும்!"

அவன் சொன்னது சரிதான். மயிலாத்தாளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிக்குப் போனாள். அப்பா தங்கவேலுவின் மிஷின் ராட்டினம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே இருந்து வெள்ளை நூல்கள் மழைபோல இறங்கின. சட்டென்று மிஷின் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு நூல் அறுந்திருந்தது. அதுவரை அந்த நூல் தாங்கிக்கொண்டிருந்த கம்பி கீழே விழுந்திருந்தது.

"ஏனுங்கப்பா, நூலு ஓடறப்ப லைட்டு எரியாதுங்களா?"

"நல்லா ஓடறப்ப எதுக்குக் கண்ணு லைட்டு? அந்து போனாத்தான நான் பாக்கோணும்?" என்றபடி அப்பா முடிச்சுப் போட்டார்.

மயிலாத்தாள் அந்தக் கம்பியையே பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கக்கூட மறந்து நின்றாள்.

மறுநாள் திரையில் எல்லாம் தலைகீழானது. நூல் விறைப்பாக இருக்கும்வரை சுவிட்ச் திறந்தே இருந்தது. பல்பு தூங்கியது. சுவிட்சைச் சேர்த்தாள். மஞ்சள் புள்ளிகள் குடுகுடுவென்று ஓடின. பல்பு கண் விழித்தது.

காசிமாயன் இந்த முறை சிரிக்கவில்லை. "எங்க வீட்டு டார்ச்சு லைட்டைக் கழட்டிக் கொண்டாரவா?" என்று கேட்டான்.

டார்ச்சின் பேட்டரியும் பல்பும் வந்தன. ஒயர் உள்ளறையிலிருந்து முன்னறைவரை நீண்டது. தொட்டிலில் கட்டிய நூல் ஒரு ஆணியின் மேல் ஏறி, ஒயரின் ஒரு முனையை இன்னொரு முனைக்கு மேலே தூக்கிப் பிடித்தது. தொட்டில் ஆடினால் நூல் தளரும், மேல்முனை கீழ்முனையில் விழும். அவ்வளவுதான்.

அக்கா சந்தேகமாகத் தைக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பல்பு சிமிட்டியது. மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள்.

நஸ்ருதீன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டில் நூலை ஒரு பூனை தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"பூனைக்கும் காலிங்பெல் வச்சுட்டியே மயிலு!" என்றான் காசிமாயன். மயிலாத்தாள் நூலைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தபோது, தைத்த பனியன்கள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பல்பு சிமிட்டியது. அக்கா, இருங்கள் என்று கை காட்டிவிட்டு உள்ளே போனாள்.

"ஏனுங்க கண்ணு, ஊட்டுக்குள்ள சிக்னலா?" என்று அவர் கேட்டார்.

"நஸ்ருதீன் கூப்புடறானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

அவளும் உள்ளே எட்டிப் பார்த்தாள். நஸ்ருதீன் அழவே இல்லை. அம்மாவைப் பார்த்ததும் பொக்கை வாயால் சிரித்தான். பிறகு காலைத் தூக்கி இன்னொரு உதை விட்டான்.

அந்தக் குட்டிப் பாதத்திலிருந்து மஞ்சள் புள்ளிகள் வரிசையாகக் கிளம்பி அம்மாவைத் தேடிப் போவது, மயிலாத்தாளுக்கு நன்றாகவே தெரிந்தது.